நாற்பதில் ஓடும் வண்டிக்கு எண்பதில் ஒரு பூட்டு

எங்கள் லாரி நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாது. ஓட வைக்க முடியுமா என்று என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாகப் பார்த்துவிட்டார். இறக்கத்தில், பின்னாலிருந்து காற்றும் தள்ளினால் நாற்பத்திரண்டு காட்டும். அப்போது இரண்டு கதவும் தகரப்பறை மாதிரி அடித்துக்கொள்ளும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த லாரியை, எண்பதுக்கு மேல் ஓடாதபடி தடுக்கும் கருவியை மாட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதில் எனக்குச் சிறு வயது முதல் பழக்கம். இது கோபம்.

எந்த ஆபீஸ், வண்டிகளைச் சோதிக்கிற எந்த மைதானம் என்று எழுதப் போவதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு. அடுத்த வருடமும் அதே வரிசையில் போய் நிற்க வேண்டியவள் நான்.

லாரி மிலிட்டரியில் இருந்தது. அங்கே அதன் காலம் முடிந்து ஏலத்தில் வந்து, இரண்டு மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. எனக்கு மூத்தது. மூக்கு நீண்ட வண்டி, மட்கார்டு இரண்டும் மேஜை மாதிரி அகலம். அதன் பெருமை வேகத்தில் கிடையாது. முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், அதுதான் விஷயம். திண்டிவனத்துக்குக் கிழக்கே கடல் பக்கம் போகப் போக மணல். மணலில் சவுக்குத் தோப்புகள். புது லாரிகள் தோப்புக்குள் இறங்கினால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். எங்கள் வண்டி நடந்து போகிற மாதிரி உள்ளே போய் மரத்தை ஏற்றிக்கொண்டு நடந்து வரும். வண்டி புதைந்துபோனவர்கள் முதலில் சாமியைக் கூப்பிடுவார்கள், அப்புறம் எங்கள் வீட்டுக்குப் போன் போடுவார்கள்.

வண்டி என் பேரில் இருக்கிறது. வாங்கிய சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. இரும்புச் சாமான் எதுவும் அவர் பேரில் வாங்கக் கூடாது என்று ஜோசியர் சொன்னார். அதனால் ஓனர் நான் ஆனேன். சனி அவரை விட்டு எப்போதோ போய்விட்டது. ஆர்.சி. புத்தகம் என்னை விட்டுப் போகவில்லை. வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று எது வந்தாலும் தூக்கம் போவது எனக்கு. அவர் குறட்டை விடுவார்.

நான் ஏழாவதோடு நின்றவள். யாரும் நிறுத்தவில்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற சீசனில் பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பதினோராம் நாள் போனால் டீச்சர் என்ன கேட்பாரோ என்று பயம், போகவில்லை. பன்னிரண்டாம் நாள் பயம் இன்னும் கொஞ்சம் பெரிதானது. அப்படியே போய்விட்டது. ஆபீஸ் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பதினோராம் நாள்தான்.

இந்த வருடம் புரட்டாசியோடு வண்டிக்கு எஃப்.சி. முடிந்தது. அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆபீசில் தருகிற சான்று. விண்ணப்பம் தட்டிக் கொடுக்கிற கடைக்காரர் தட்டும்போதே சொன்னார்.

"எக்கா, வண்டி ரொம்பப் பழசு. இந்த வாட்டி தேறலைன்னா கழிச்சுக் கட்ட வேண்டியதுதான். ரூல்சு இப்பல்லாம் டைட்டு. ஒடைக்கிற எடத்துக்குத்தான் போவணும்."

உடைக்கிற இடம். அந்தச் சொல்லை அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு என் அக்காவின் தோப்பில் சவுக்கு வெட்டி அடுக்கியாயிற்று, ஐப்பசி மழை பிடித்தால் தோப்புக்குப் போகிற பாதை கழிமுகத் தண்ணீரில் முங்கிவிடும். வேறு எந்த லாரியும் அங்கே வராது. வண்டி தேறினால்தான் மரம் வெளியே வரும்.

"வுடுமே, பாத்துக்கலாம். நாப்பது வருஷமா ஓடற வண்டி, இவனுங்களா நிறுத்தப் போறானுங்க?" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மத்தியானத் தூக்கத்துக்குப் போனார்.

அவர் தூங்கிய நேரத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். இடது பக்கக் கதவில் துரு பொரிந்து நின்றது. துருவைப் பார்த்தால் ஆபீசர் முதல் பார்வையிலேயே 'இது பழசு' என்று முடிவு கட்டிவிடுவார் என்று எனக்குப் பயம். உப்புத்தாள் வாங்கி வந்து தேய்க்க ஆரம்பித்தேன். மேலே இருந்தது செங்கல் நிறப் பெயிண்ட், முந்தைய ஓனர் அடித்தது. அது உரிய உரிய, உள்ளே பச்சை தெரிந்தது. மிலிட்டரிப் பச்சை. இத்தனை வருடம் மூடிக் கிடந்ததால் வெயில் படாமல், நேற்று அடித்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அசல் மிலிட்டரி வண்டி என்று பார்த்த உடனே தெரியுமே, மிலிட்டரி சாமான் என்றால் ஒரு மதிப்பு இருக்குமே என்று நினைத்தேன். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கதவு முழுவதையும் தேய்த்துப் பச்சையாக்கி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் வைத்தேன்.

தூங்கி எழுந்து வந்தவர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

சோதனை நாளில் மஞ்சள் பையில் எல்லாக் காகிதமும் மூன்று மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு போனேன். மைதானத்தில் ஸ்கூல் வேன்கள், டிப்பர்கள், மினி லாரிகள் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக நின்றன. எங்கள் வண்டி உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் டிப்பர் டிரைவர் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, பார்டர்ல சண்டையா? வண்டி கெளம்பிடுச்சி?"

"ஆமாண்டா. ஒன் டிப்பர் அங்க பொதைஞ்சி கெடக்குதாம், இழுத்துக்கினு வரப் போறோம்" என்றார் என் வீட்டுக்காரர். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று நாலாவது தடவையாகப் பார்த்தேன்.

வண்டிகளைச் சோதிக்கிறவரை நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். இவர் சின்ன வயதுக்காரர், கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர், டேப் என்கிறார்கள், வைத்திருந்தார். நேராக என் வீட்டுக்காரரிடம் போனார்.

"வண்டி உங்களுதா?"

"இல்ல சார். நான் டிரைவரு. ஓனரம்மா அதோ நிக்கிறாங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார், வேறு யாராவது வருகிறார்களா என்று.

"ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

டிரைவர் என்று சொன்ன மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அவர் தொடையைக் கிள்ள வேண்டும் போல எனக்கு ஆத்திரம். "நான்தான் சார் ஓனர், எங்கிட்டயே கேளுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வண்டிக்கு அடியில் சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸ் நம்பரைக் காகிதத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். நானே கீழே படுத்து, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் காசுக்கு மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை. ஒரு எழுத்துக்கூட மங்காமல் வந்தது. ஆபீசர் வாங்கிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கோப்பில் வைத்தார். நன்றாக எடுத்திருக்கிறாய் என்று சொல்ல வேண்டாம், தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

பிறகு இடது பக்கம் வந்தார். பச்சைக் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்னம்மா கலர்?"

"மிலிட்டரி கலர் சார்" என்றேன், பெருமையாக.

"மிலிட்டரி கலரை மிலிட்டரி மட்டும்தான் அடிக்கணும். பிரைவேட் வண்டில அடிச்சா கேஸ்."

"நாங்க அடிக்கல சார். மிலிட்டரிக்காரங்கதான் அடிச்சாங்க."

பின்னால் டிப்பர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். அந்தப் பச்சை அந்த வண்டி பிறந்த நாள் முதல் அதன் மேல் இருக்கிறது, மூடி வைத்தால் குற்றமில்லை, தெரிந்தால் குற்றமாம். உப்புத்தாளில் என் விரல் நுனித் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஆபீசர் டேப்பில் தட்டினார். கலர் மாற்ற வேண்டும். ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இரண்டும் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவதாகச் சொன்னதுதான் அது.

"ஸ்பீடு கவர்னர் இல்ல. எண்பதுல லாக் பண்ணி, சர்டிபிகேட்டோட வாங்க."

"சார், இது நாப்பதே போவாது."

"அது எனக்குத் தெரியாதும்மா. ரூல்ல இருக்கு."

எட்டு நாள் தவணை. திரும்பி வரும்போது முழு வழியும் பெயிண்டுக்கும் கவர்னருக்கும் எவ்வளவு ஆகும் என்று விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன். "நீ ஏன்மே அந்தக் கதவைத் தேய்ச்சே?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

மறுநாளே கதவுக்குச் செங்கல் கலர் அடித்தாயிற்று. கவர்னர் மாட்ட விழுப்புரம் போனோம். போகவே இரண்டு மணி நேரம் ஆயிற்று, நாற்பதில் போனால் ஆகாதா? கவர்னர் கடைக்காரர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எக்கா, இது எவ்ளோ ஸ்பீடு போவும்?"

"நாப்பது."

"அப்ப எதுக்குக் கவர்னரு?"

"அதத்தான் நானும் கேக்கிறேன்."

"எங்கிட்ட கேட்டா? நான் மாட்றவன்" என்று சொல்லிவிட்டு மாட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர், மேலே ஒரு சிவப்பு விளக்கு. எண்பதைத் தொட்டால் விளக்கு எரியும், டீசல் குறைந்து வேகம் தானாக இறங்கும் என்று விளக்கினார். என் வீட்டுக்காரர் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார்.

"இது எரியறத எங்க பேரப்பசங்க வந்துதான் பாக்கணும்."

"சார், ஜோக்கெல்லாம் வேணாம். சர்டிபிகேட் இந்தாங்க" என்றார் கடைக்காரர்.

எட்டாம் நாள் மறுபடியும் மைதானம். காலையிலேயே கிழக்கே கருத்து வந்தது. அதற்கு முந்தின நாள் அக்கா போனில், பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். அதே ஆபீசர். பெயிண்டைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், விளக்கு, ஆரன், வைப்பர் எல்லாம் போட்டுப் பார்த்தார். பிரேக் பிடிக்கச் சொன்னார், வண்டி கல் மாதிரி நின்றது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கவர்னர் பெட்டியைத் தட்டினார்.

"இது வேலை செய்யுதான்னு ஓட்டிப் பாக்கணும். ரோட்ல எடுங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறி நடுவில் உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கும்மா?"

"வண்டி என் பேர்ல இருக்குது சார்."

மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு பைபாஸ் ஓரமாகப் போனோம். இருபது, முப்பது. வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாகச் சத்தம் போட்டது. முப்பத்தெட்டில் ஆபீசர் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் டேப்பையும் பிடித்துக்கொண்டார்.

"அழுத்துங்க."

"அழுத்திட்டேன் சார். இதுக்கு மேல அழுத்துனா கால் ரோட்ல பட்டுரும்."

நாற்பது. நாற்பத்தொன்று. மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போன பெரியவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பி, வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

"எண்பது வரணும்" என்றார் ஆபீசர்.

"வராது சார்."

"எண்பது வந்தாத்தானே கட் ஆவுதான்னு பாக்க முடியும்?"

என் வீட்டுக்காரர் வண்டியை ஒரு புளியமரத்து அடியில் ஓரம் கட்டி நிறுத்தினார்.  பதில் சொல்ல வேண்டியது ஓனர் என்பது போல என்னைப் பார்த்தார். நான் பேசிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"சார், எண்பதுக்கு மேல போவக் கூடாது, அதான ரூல்சு? இது போவல. ஒங்க கண்ணால பாத்தீங்க. புல்லுக்கட்டு வச்சிக்கினு ஒருத்தர் நம்மளத் தாண்டிப் போனாரு, அதையும் பாத்தீங்க. இன்னும் இன்னா வேணும்? எண்பதுல ஓட்டிக் காட்டுனாத்தான் எண்பதுல ஓடாதுன்னு எழுதுவீங்கன்னா, நாங்க எங்க போயி முட்டிக்கிறது சார்? கதவு பச்சைன்னீங்க, மாத்துனோம். ஸ்டிக்கர்னீங்க, ஒட்னோம். தேவையே இல்லாத பொட்டியை விழுப்புரம் போயி மாட்டிக்கினு வந்தோம். இந்த வண்டியை ஒடைக்கணும்னா சொல்லிடுங்க சார், நானே கடப்பாரை எடுத்தாந்து தரேன். இப்படிப் பேஜாரு பண்ணாதீங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசர் என்னை அதட்டவில்லை. டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுல ரெண்டே கட்டம்தாம்மா இருக்கு. கவர்னர் வேலை செய்யுது, செய்யல. செய்யலைன்னு போட்டா வண்டி ஃபெயில். செய்யுதுன்னு போட்டா நான் பாத்திருக்கணும். நாளைக்கு இந்த வண்டில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நீ பாத்தியான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"போவவே போவாதுன்னு ஒரு கட்டம் இல்லியா சார்?"

"இல்ல."

அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். டேப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஏற்கெனவே பார்த்ததையே மறுபடி பார்த்தார். நான் மஞ்சள் பைக்குள் பார்க்கிற மாதிரியே. அவருக்கும் எங்கேயோ ஒரு பதினோராம் நாள் இருக்கிறது. பயந்த ஆளைப் பார்த்தால் பயந்த ஆளுக்கு இரக்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. எட்டு நாள் என்னைச் சோறு இறங்காமல் வைத்தது இன்னொருவருடைய இதே நடுக்கம்தானா என்று இன்னும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். வண்டி இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாது, கருவி மாட்டியிருக்கிறது, இதற்கு ஓனர் பொறுப்பு என்று ஓனர் கைப்பட எழுதித் தர வேண்டும். அதைப் படமெடுத்து ஏற்றிவிட்டு, 'வேலை செய்கிறது' என்று போடுவார். சொல்லிக்கொண்டே பேனாவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார். "ஓனர்" என்றார்.

வெள்ளைத் தாள் என் பையில் இருந்தது. கீழே இறங்கி அந்த அகலமான மட்கார்டின் மேல் வைத்து எழுதினேன். எஞ்சின் சூடு தாளைத் தாண்டிக் கையில் அடித்தது. ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்து, கேட்டதை எழுதினேன். நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. இந்தக் கருவி இந்த வண்டிக்கு எந்த உபயோகமும் இல்லை என்பதை ஐயா அவர்கள் கூட உட்கார்ந்து பார்த்தார்கள் என்று எழுதினேன். புல்லுக்கட்டு வைத்திருந்த பெரியவரையும் எழுதினேன். பச்சைப் பெயிண்டை நாங்கள் அடிக்கவில்லை என்று எழுதினேன். ஓனர் பெண்ணாக இருந்தால் ஆம்பளை வரவில்லையா என்று கேட்கக் கூடாது என்றும் எழுதினேன். தாள் திரும்பி, பின்பக்கம் பாதி வந்தது. அங்கே கையெழுத்துப் போட்டேன். ஏழாவதுக்கு அப்புறம் நான் அத்தனை நீளமாக எதையும் எழுதியதில்லை.

ஆபீசர் படித்தார். நின்றுகொண்டு படித்தவர் நடுவில் போய் மரத்து வேரில் உட்கார்ந்தார். ஆம்பளை விஷயம் வந்த இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மேலே அல்ல, என்னை.

"இவ்ளோ வேணாம்மா. முதல் நாலு வரி போதும். மிச்சத்தைக் கிழிச்சிடலாம்."

"கையெழுத்து கடைசிலதான் சார் இருக்குது."

"வேற தாள்ல நாலு வரி எழுதித் தாங்களேன்."

"தாள் இல்ல சார்" என்றேன். பையில் ஆறு தாள் இருந்தது.

அவர் பெருமூச்சு விட்டு இரண்டு பக்கத்தையும் படமெடுத்தார். தாளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத்தான் தருவேன் என்றேன். திரும்பும் வழியில் ஜெராக்ஸ் கடை வாசலில் அதற்கும் நின்றார்.

ஒரு வருடத்துக்குத் தகுதிச் சான்று கொடுத்தார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி: உண்டு. நிலை: வேலை செய்கிறது. வேகம்: எண்பது. அச்சடித்த காகிதத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மறுநாள் தோப்புக்குப் போனோம். பாதையில் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அக்கா மேட்டில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். வண்டி முதல் கியரில், நான்கு சக்கரமும் இழுக்க, நாங்கள் இறங்கி நடந்தால் வண்டிக்கு முன்னால் போய்விடலாம் என்கிற வேகத்தில் உள்ளே போனது. என் வீட்டுக்காரர் கவர்னர் விளக்கைக் காட்டினார்.

"ஜல்தியாப் போறோமோ? எதுக்கும் அதை ஒரு கண்ணு பாத்துக்கினே வாமே."

பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எரியவில்லை. மூன்று நடையில் மரம் முழுவதும் வெளியே வந்தது. நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

அந்தக் கடுதாசியின் ஜெராக்ஸ் மூன்று, மஞ்சள் பையில் இருக்கின்றன. அடுத்த புரட்டாசிக்கு அதைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தேதியை மட்டும் மாற்ற வேண்டும்.